கண்மாய்க்கரை வரை ஒரே மூச்சு

போன மாதம் டவுன் பஸ்ஸைப் பிடிக்கக் கொஞ்ச தூரம் ஓடினேன். ஏறியதும் கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்கிறார்... வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. அவரே பாவப்பட்டு, "அருப்புக்கோட்டையா? தலைய மட்டும் ஆட்டுங்க" என்றார்.

இதை வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. என் மனைவி செல்வி உடனே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"இங்கருந்து கண்மாய்க்கரை வரைக்கும் நிக்காம ஓடிக் காட்டுங்க. அதுவரைக்கும் எண்ணெய்ப் பரோட்டா கெடையாது."

எண்ணெய்ப் பரோட்டா இல்லாமல் இந்தப் பக்கம் ஒரு மனுஷன் எதற்கு இருக்க வேண்டும்?

ஓடினேன். முதல் வாரம் ஒவ்வொரு கருவேல மரத்தடியிலும் நின்று மூச்சிரைத்தேன். ஓட ஓட நுரையீரல் பெரிதாகுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஓடுறதால நுரையீரல் பெருசா வளந்துராது. உள்ள போற காத்த நல்லாப் பயன்படுத்த இதயமும் தசையும் பழகிக்கிரும்" என்றார்.

பழகத்தான் செய்தது. ஆனால் ஊர் பழக வேண்டாமா? எங்கள் பக்கம் சும்மா யாரும் ஓடுவதில்லை. ஒருவன் ஓடினால் பஸ் கிளம்பியிருக்க வேண்டும், இல்லை யாருக்காவது ஏதாவது ஆகியிருக்க வேண்டும். போகிற பைக்கெல்லாம் நிற்கும் — "ஏறுங்கண்ணே, விட்டுர்றேன்!" நின்று பதில் சொன்னால் அன்றைய ஓட்டம் செல்லாது.

போன ஞாயிறு சாயங்காலம், யார் கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு கிளம்பினேன். டீக்கடைக்காரர் கேட்டார். ஆடு ஓட்டி வந்தவர் கேட்டார். பால்காரர் பைக்கில் கூடவே வந்து, "யாருக்கு என்னண்ணே? சொல்லுங்கண்ணே!" என்று கெஞ்சினார். நான் கையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினேன்.

கரையைத் தொட்டேன். நிற்கவே இல்லை! சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

திரும்பி நடந்து வந்தால்... வீட்டு வாசலில் கூட்டம். பால்காரர் சொன்ன செய்தி போனிலேயே அருப்புக்கோட்டை வரை போய்விட்டது. செல்வியின் அண்ணன் மாலையோடு வந்து இறங்கியிருந்தார். யாருக்கு என்று தெரியாமலே வாங்கிய மாலை!

"யாரு மாப்ள? வாயத் தொறந்து சொல்லுங்க!"

"யாரும் இல்ல மச்சான்... பரோட்டாவுக்கு ஓடினேன்."

மச்சான் மாலையைப் பார்த்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

செல்வி மட்டும் விடவில்லை. "நிக்காமயா ஓடுனீக?"

"சத்தியமா நிக்கலக்கா!" என்றார் பால்காரர். "நா எம்புட்டுக் கெஞ்சினேன்!"

இதைவிடப் பெரிய சாட்சி உண்டா? பரோட்டா வந்தது, துக்கம் கேட்க வந்த அத்தனை பேருக்கும் சேர்த்து. அவர்கள் இலையைப் பிரிப்பதற்குள் நான் நான்கை முடித்திருந்தேன்.

சாப்பிடும்போது மட்டும் எனக்கு என்றைக்குமே மூச்சு வாங்கியதில்லை!