இடது பக்கம் கொஞ்சம் கம்மி

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் பீப் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். காது கேட்கிறதா என்று சோதிக்கிற அறை அவருடையது. சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஒரு சின்னக் கூண்டுக்குள் வந்தவரை உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே இருந்து மெஷினைத் தட்டி, பீப், பீப் என்று சத்தம் அனுப்புவார். கேட்டால் உள்ளே இருப்பவர் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. ஆனால் தெருவில் யாராவது ‘காது டாக்டர்’ என்று சொன்னால் திருத்தவும் மாட்டார். திருத்துவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது என்று அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்.

நாள் முழுக்க அடுத்தவர் காதையே பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, தன் காதைப் பற்றி அவருக்குக் கொள்ளைப் பெருமை. பஸ் வளைவில் திரும்பும்போதே எஞ்சின் உறுமலை வைத்து எந்த நம்பர் பஸ் என்று சொல்லிவிடுவார். பாதி நாள் சரியாக இருக்கும். மீதி நாள் பஸ்ஸை மாற்றிவிட்டார்கள் என்பார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு வந்தவர்களைப் பற்றி மனைவியிடம் சொல்லிச் சிரிப்பது வழக்கம். “இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு. காது நல்லாத்தான் இருக்காம், வீட்ல இருக்கிறவங்க எல்லாரும் திடீர்னு முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். டிவியக் கூட மாத்திட்டாராம். அப்பவும் தன் காது மேல ஒரு சின்ன சந்தேகம் வரல பாரு அந்த மனுஷனுக்கு!” மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவியிடம் இதைவிட நல்ல கதைகள் இருந்தன. ஆனாலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள்.

அந்த ஆம்ப்ளிஃபயர் அவர் கண்ணில் பட்டது பக்கத்துத் தெரு நடன வகுப்பை மூடிய சமயத்தில். வகுப்பு நடத்தியவர் சுவர்க் கண்ணாடி, மின்விசிறி, நாற்காலி எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தார். நாற்காலி பார்க்கப் போன பீப் சார் மூலையில் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். முன்பக்கம் இரண்டு சின்னக் கண்ணாடிச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முள். வேலை தேடி அலைந்த காலத்தில் ஒரு கடை ஜன்னலில் இதே பெட்டியைத் தினமும் நின்று பார்த்திருக்கிறார். அந்தக் கம்பெனி செய்ததிலேயே மலிவான மாடல் அதுதான். இருக்கிறவன் அதை வாங்கமாட்டான், இல்லாதவனால் அதை வாங்கமுடியாது. அப்படி இரண்டுங்கெட்டான் பெட்டி.

பேரம்கூடப் பேசாமல் வாங்கி, வாடகை வண்டியில் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இறங்கும்போது இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன.

மனைவி பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். “நாற்காலி எங்க?”

“அத விடு. இது என்ன தெரியுமா? பவர் ஆம்ப்ளிஃபயர்!”

“சரி. இதுல சத்தத்தக் கூட்டிக் குறைக்கிற திருகு எங்க?”

“அதெல்லாம் இதுல இருக்காதும்மா. அதுக்குத் தனியா ஒரு பெட்டி வேணும். இது சக்தி மட்டும்தான் குடுக்கும்.”

“யாருக்கு?”

“ஸ்பீக்கருக்கு.”

“ஸ்பீக்கர் எங்க?”

பீப் சார் சுவரைப் பார்த்தார்.

அதனால் கொஞ்ச காலத்துக்கு அந்தப் பெட்டி பேசாமடந்தையாகத்தான் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் மட்டும் வேலை முடிந்து வந்ததும் ஸ்விட்சைப் போடுவார். முட்களுக்குப் பின்னால் மஞ்சளாக விளக்கு எரியும். அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பார். “அப்பா மீன்தொட்டி மாதிரி பார்த்துட்டு இருக்காரு” என்று மகள் தன் தோழிகளிடம் போனில் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டார்.

ஒன்றுவிட்ட தம்பி வீட்டுப் பரணில் கிடந்த ஸ்பீக்கர் ஜோடி ஒரு வழியாக வந்தது. சத்தத்தைக் கூட்டுகிற பெட்டியும் பிறகு வந்தது. முதல் பாட்டு ஒலித்தபோது, உண்மையைச் சொல்ல வேண்டும், வீட்டில் யாரும் கிண்டல் செய்யவில்லை. நன்றாகவே இருந்தது. மகள்கூடக் கதவோரம் வந்து நின்று முழுப் பாட்டையும் கேட்டாள்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். தரையில் டேப் ஒட்டி, நாற்காலியின் நாலு காலும் எங்கே நிற்க வேண்டும் என்று குறித்தார். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அதில் உட்காரவைத்தார். மனைவியின் அண்ணன்தான் அதிகம் மாட்டிக்கொண்டவர்.

“கண்ண மூடுங்க மச்சான். பாடறவங்க எங்க நிக்கறாங்க?”

“ஸ்பீக்கருக்குள்ளதான் மாப்ள.”

“ஐயோ, நல்லாக் கேளுங்க. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவுல நிக்கறாங்க. தெரியலையா? பின்னாடி வயலின்காரர். அவருக்குப் பின்னாடி தபேலா.”

“இவ்ளோ பேர் நிக்கறாங்களா? நான் வேணா எந்திரிச்சுக்கறேன், அவங்கள உக்காரச் சொல்லுங்க.”

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் நட்டநடுவில் நின்ற பாடகி கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நகர ஆரம்பித்தாள்.

முதலில் அவர் நாற்காலியை நகர்த்திப் பார்த்தார். அப்புறம் டேப்பைப் பிய்த்து மறுபடி ஒட்டினார். சந்தேகமே இல்லை, இடது பக்கம் சத்தம் கம்மி. பழைய பெட்டி, வயசாகிவிட்டது, இடது பக்கம் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டினார். “உனக்குத் தெரியலையா?” என்று மனைவியைக் கேட்டார். “ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு” என்றாள். “எல்லாக் காதும் ஒண்ணு இல்லம்மா” என்றார் பெருந்தன்மையாக. எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். ரிப்பேர்காரர் நல்ல மனிதர். வந்தவர் சொல்வதை மறுத்துப் பேசாத மனிதர். பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, “ரெண்டும் சமமாத்தானே சார் இருக்கு?” என்றார். பீப் சார் தன் உத்தியோகத்தைச் சொன்னார். உடனே ரிப்பேர்காரர் தலையைச் சாய்த்து இன்னொரு தரம் கேட்டு, “ஆமா சார், நீங்க சொன்னப்புறம்தான் தெரியுது. லெஃப்ட் டல்லுதான்” என்றார். உள்ளே இருந்து சில சாமான்களைக் கழற்றிப் போட்டுப் புதிது வைத்தார். வீட்டுக்கு வந்து போட்டால், இடது பக்கம் இன்னும் கம்மி.

மறுபடி கடை, மறுபடி புதுச் சாமான், மறுபடி கம்மி. கடைசியில் வயரை இடம் மாற்றிப் பார்த்தார். இடதுக்குப் போவதை வலதுக்கும், வலதுக்குப் போவதை இடதுக்கும் கொடுத்தார். அப்போதும் இடது ஸ்பீக்கர்தான் மங்கலாக இருந்தது. அப்படியென்றால் பெட்டி தப்பித்தது, குற்றவாளி ஸ்பீக்கர். ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினார். அப்போதும் இடதுதான். அப்படியென்றால் ஸ்பீக்கரும் தப்பித்தது, குற்றவாளி சுவர்! இடது பக்க ஜன்னல் திரை சத்தத்தைக் குடித்துவிடுகிறது என்று அதைக் கழற்றினார். வெயில் நேராக மகளின் படிப்பு மேசையில் விழுந்தது. புத்தக அலமாரியை எதிர்ச்சுவருக்குத் தள்ளச் சொன்னார். மச்சானும் மகளும் சேர்ந்து தள்ளினார்கள்.

“மாப்ள, அடுத்து வீட்டையே திருப்பி வைக்கணுமா? சொல்லிடுங்க, ஆள் கூட்டிட்டு வரேன்” என்றார் மச்சான், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு வயர் தளர்ந்திருக்குமோ என்று பெட்டிக்குப் பின்னால் நுழைந்து குந்தி உட்கார்ந்தார். முகம் கூடத்தைப் பார்த்து இருந்தது. வயரைத் தொட்டதும் தொடாததுமாக முகம் மலர்ந்துவிட்டது.

“வந்துடுச்சு! லெஃப்ட் வந்துடுச்சு! இங்க வாயேன்!”

மனைவி கையில் காபியோடு வந்து நின்றாள். அவர் தூசியைத் தட்டிக்கொண்டு ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இடது பக்கம் கம்மி. எழுந்து மறுபடி பெட்டிக்குப் பின்னால் போனார். இடது ஸ்பீக்கர் கணீரென்று இருந்தது. ஆனால் இப்போது வலது ஸ்பீக்கர் கம்மி. நாற்காலிக்கு வந்தார். இடது கம்மி. பின்னால் போனார். வலது கம்மி. இந்தத் தடவை அவர் வெளியே வரவில்லை. மனைவி எட்டிப் பார்த்தாள். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இடது காதை உள்ளங்கையால் பொத்துவதும் எடுப்பதுமாக இருந்தார்.

“நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது கூடவே திரும்புது” என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது முகத்தில் தெரியக்கூடாதே என்று காபியை ஒரு வாய் குடித்தாள்.

“டிவியக் கூட மாத்தினாராம்னு ஒருத்தரப் பத்திச் சொல்லிச் சிரிச்சேன் இல்ல?” என்று அவர் கேட்டார். “அவராவது டிவியோட விட்டாரு. நான் அலமாரிய நகர்த்தியிருக்கேன்.”

அதைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அதற்கப்புறம்தான் அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, “பயமா இருக்கா?” என்று கேட்டாள்.

“கொஞ்சம்” என்றார்.

மறுநாள் கூண்டுக்குள் அவர் போனார். அவரோடு வேலை பார்க்கிற பெண் கண்ணாடிக்கு வெளியே அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்து பார்த்தால் அந்த ஜன்னல் இவ்வளவு சின்னதா என்று தோன்றியது. எந்த பீப்புக்குப் பிறகு எந்த பீப் வரும், நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பீப், அமுக்கினார். பீப், அமுக்கினார். அப்புறம் ஒரே அமைதி. இந்நேரம் அடுத்தது வந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு அமுக்கினார். கொஞ்சம் விட்டு இன்னொரு தரம் அமுக்கினார்.

ஹெட்போனில் அவள் குரல் வந்தது. “சார், நான் இன்னும் பீப்பே குடுக்கல.”

இரண்டு காதிலும் மெல்லிய கீச்சுச் சத்தங்கள் கேட்காமல் போய்விட்டிருந்தன. இடதில் நிறையவே. டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, நரம்பு தளர்கிறது, வயசு ஒரு காதில் முந்திக்கொண்டது என்றார். காதில் மெஷின் மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

மெஷின் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று அவர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. நேராகப் போய் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். பாட்டு தொடங்குவதற்கு முன்பே முகம் சுருங்கியது.

“என்ன இது, உஸ்ஸுன்னு ஒரு சத்தம்?”

மனைவியும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அது ரொம்ப நாளா இருக்குப்பா” என்றாள் மகள்.

“ரொம்ப நாளான்னா?”

“நீங்க ரிப்பேருக்குக் கொண்டுபோனீங்க இல்ல? புதுசு போட்டு வந்ததுல இருந்து. அடுத்த வாட்டி போயிட்டு வந்ததும் இன்னும் ஜாஸ்தியாச்சு.”

“சொல்றதுக்கென்ன?”

“உங்களுக்குத் தெரியாத சத்தமா அப்பா? உங்களுக்குப் பிடிச்சுதான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சோம்” என்றாள் மகள். அவள் அதை வஞ்சகமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் அவருக்கு உறைத்தது. நன்றாக இருந்த பெட்டியை இல்லாத நோய்க்கு வைத்தியம் செய்து நோயாளியாக்கியிருந்தார். அந்த இரைச்சலை இத்தனை நாளும் அந்த வீடு வாய்திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்னொரு கடையில் கொடுத்து, புதிதாகப் போட்டதையெல்லாம் எடுத்துவிட்டு நல்லதாக மாற்றியதில் இரைச்சல் ஒருவழியாக ஒழிந்தது. இந்த முறை அவர் தன் உத்தியோகத்தைச் சொல்லவில்லை. ஜன்னலுக்குத் திரை திரும்ப வந்தது. அலமாரி மட்டும் எதிர்ச்சுவரிலேயே இருக்கிறது. மச்சான் கும்பிட்டுவிட்டார்.

மெஷினோடு கேட்டால் பாட்டு தகர டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறது, கழற்றினால் பாதிப் பாட்டுதான் இருக்கிறது. எது பரவாயில்லை என்று இன்னும் முடிவுசெய்ய முடியவில்லை. மாட்டிக்கொண்டு பாதி, கழற்றிவிட்டுப் பாதி என்று கேட்கிறார். இப்போதெல்லாம் பக்கத்தில் மகளும் உட்கார்ந்து கேட்கிறாள். அவளுக்குப் பிடித்ததைத்தான் முதலில் போட வேண்டும் என்பது நிபந்தனை.

போன மாதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் சோதனைக்கு வந்தார். மெஷின் வைக்க வேண்டும் என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கிழவியாகிவிட்டேன் என்று எல்லோரும் பார்ப்பார்கள், மாட்டவே மாட்டேன் என்றார். பீப் சார் கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் அவர் முன்னால் வைத்தார்.

“அம்மா, இது என்னோடது. மாட்டிட்டுத்தான் வேலைக்கு வரேன். ஒண்ணும் ஆகலையே?”

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை இறக்கி மேசையைப் பார்த்தார். நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“உங்களுக்கே காது கேக்காதா? அப்ப எனக்குப் பண்ண டெஸ்ட்டு?”

பீப் சார் மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, இன்னொரு தரம் டெஸ்ட் எடுக்க, கூட வேலை பார்க்கிற பெண்ணை அடுத்த அறையிலிருந்து கூட்டிவரப் போனார்.