காதுள்ள நாற்காலி

செய்தியைச் சொன்னவள் லீலாபாய் டீச்சரின் பக்கத்து வீட்டுச் சுகந்தி. காலையில் சுசீந்திரத்தில் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. "சாரே, டீச்சர் போயிட்டாவ. நாற்காலியில இருந்தபடியே போயிட்டாவ" என்றாள். எந்த நாற்காலியில் என்று கேட்டேன். சாவுச் செய்தி சொல்பவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? ஆனால் லீலாபாய் டீச்சரின் கடைசி வருடங்களை அறிந்த எவர் வாயிலும் அதுதான் முதலில் வந்திருக்கும். சுகந்தி, "முன்னால கிடக்கும்லா, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி. தல ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு" என்றாள்.

பால் பாத்திரத்தோடு அப்படியே மதில் ஓரமாக நின்றுவிட்டேன். துக்கத்தைவிட முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

டீச்சரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாகர்கோவிலில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அவர் புவியியல், நான் கணிதம். பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் வகுப்பில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியை மூலையில் தள்ளிவிட்டு, உலகப் படத்தைச் சுவரில் மாட்டி, அதன் முன்னால் நடந்துகொண்டே பாடம் நடத்துவார். ஆசிரியர் அறையிலும் சன்னலோரம் நின்றபடிதான் பரீட்சைத்தாள் திருத்துவார். "கொஞ்சம் இருந்துதான் திருத்துங்களேன்" என்று ஒருமுறை சொன்னேன். "இருந்துட்டா எனக்கு ஒறக்கம் வரும் சாரே. பொறவு எல்லாப் பிள்ளையளும் பாஸாயிரும்" என்றார். அப்படிப்பட்டவர் ஓய்வுக்குப் பிறகு நாற்காலி தேடி ஊர் ஊராக அலைவார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

அலைந்தது அவருக்காக அல்ல. கணவர் தேவதாசன் அண்ணனுக்காக.

அண்ணன் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம். வீட்டுக்கு யார் வந்தாலும், தபால்காரர் முதல் பாதிரியார் வரை, வாசலிலேயே அவருடைய "இரிங்க, இரிங்க" கேட்டுவிடும். உட்காருங்கள் என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அந்த ஒரு சொல்லை அவ்வளவு பிரியமாகச் சொல்லத் தெரிந்த ஆளை நான் வேறு கண்டதில்லை. எனக்கு அந்த வீட்டில் காப்பி கிடைக்காமல் போன நாளும் இல்லை. பிறகு ஒருநாள் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். உயிர் தங்கியது. பேச்சு குழறலாகத் திரும்பியது. ஒரு கை திரும்பியது. கழுத்து மட்டும் திரும்பவில்லை. உட்கார வைத்தால் தலை ஒருபக்கமாகச் சரிந்துவிடும். இனி படுக்கைதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

படுக்கையை அண்ணன் பொறுத்துக்கொண்டார். படுத்துக்கொண்டு விருந்தாளியைப் பார்ப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. "கெடந்துகிட்டு ஒருத்தர வாங்கன்னு சொல்லலாமாட்டி?" என்று டீச்சரிடம் கேட்டாராம். அதன் பிறகு யாரையும் உள்ளே விட வேண்டாம் என்றுவிட்டார். பார்க்கப் போனவர்களை டீச்சர் வாசலில் வைத்தே அனுப்பினார். அனுப்பிவிட்டு அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. என்னை மட்டும் விட்டார்கள். நான் போனாலும் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

கல்ஃபில் இருக்கும் மகன் பிரின்ஸ் தலைதாங்கி வைத்த சக்கர நாற்காலி ஒன்றை அனுப்பினான். நல்ல சாமான்தான். ஆனால் தலை நிற்க வேண்டுமென்றால் நெற்றியில் ஒரு பட்டையைச் சுற்றிக் கட்டவேண்டும். கட்டியதும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "மாட்டக் கெட்டுன மாதிரி கெட்டாதட்டி" என்றார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. டீச்சர் அன்றே அதை மடக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

அன்று மாலைதான் என்னிடம் காதுள்ள நாற்காலியைப் பற்றிச் சொன்னார். அவருடைய அப்பா சபையில் போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியார். சின்ன வயதில் அப்பாவோடு மிஷன் பங்களாவுக்குப் போனபோது, அங்கே வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா உயரமான நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாராம். முதுகுப் பலகையின் இரண்டு ஓரத்திலும் யானைக் காதுபோல முன்னால் மடங்கிய பலகைகள். தலை ஒரு காதில் சாய்ந்திருந்தது, விழவில்லை. "கட்டும் வேண்டாம், பட்டையும் வேண்டாம் சாரே. பாக்கிறவனுக்கு மனுசன் சும்மா சாஞ்சு இரிக்காருன்னுதான் தோணும்" என்றார்.

என்னிடம் ஒரு பழைய மாருதி கார் இருந்தது. டீச்சருக்கு ஓட்டத் தெரியாது. அப்படித்தான் நான் இதில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் நகரத்தில் பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். காதுள்ள நாற்காலி வரிசையாக நின்றது. விற்கிற பையன் நிறத்தைப் பற்றியும் மெத்தையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தான். டீச்சர் ஒன்றில் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். உடம்பைத் தளரவிட்டு, கழுத்தை அப்படியே விட்டுவிட்டார். தலை சரிந்து காதில் பட்டு, வழுக்கி வெளியே தொங்கியது. பையன் பதறித் தண்ணீர் எடுக்க ஓடினான். டீச்சர் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "இது அழகுக்கு வச்ச காது. ஆளத் தாங்காது" என்றார்.

அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் அதுதான் பரிசோதனை. ஒவ்வொரு நாற்காலியிலும் அவர் சிறிதுநேரம் தேவதாசன் அண்ணனாக மாறுவார். பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குக் கஷ்டமாக இருக்கும். பழைய நாற்காலிதான் வேண்டும் என்று அவர் சொன்னதன் காரணமும் எனக்குப் பிடிபட்டது. அந்தக் காலத்தில் குளிர்காற்றைத் தடுக்க நாற்காலியின் காதை ஆழமாக வைத்திருக்கிறார்கள். நம்மூரில் எங்கே குளிர்? வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் நினைப்பில் செய்துகொண்டது. இப்போது செய்பவர்கள் அந்த வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆழத்தைக் குறைத்துவிட்டார்கள்.

தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து எஸ்டேட் பங்களா என்று ஏறி இறங்கினோம். டீச்சர் முதலில் நாற்காலியைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். பொடி உதிர்ந்தால் செல்லு அரித்தது, வேண்டாம். பிறகு முன்விளிம்பில் கையை வைத்து அமுக்குவார். முன்னால் சரிவு இருந்தால் ஆள் வழுக்கிவிடுவார், வேண்டாம். பிரம்பு பின்னியதை விரலால் தட்டிப் பார்ப்பார். "பேரு பெத்த நாற்காலி சாரே, ஆனா நமக்கு ஆவாது" என்பார். ஈட்டிமரச் சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கி வந்தோம். அதில் அண்ணன் பாதி படுத்த நிலைதான், கஞ்சி புரையேறியது. இராஜாக்கமங்கலத்தில் மூடிப்போன ஒரு முடிதிருத்தும் கடையிலிருந்து, தலைதாங்கி வைத்த இரும்பு நாற்காலியை நான்தான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தேன். பெருமையாகத்தான் கொண்டுவந்தேன். அண்ணனை அதில் தூக்கி வைத்தோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சேவிங்கா, கட்டிங்கா?" என்றார். விழுந்தபிறகு அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒருதடவைதான். டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனார். அங்கே போய் அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

இப்படி வீடு நிறைய நாற்காலி சேர்ந்தது. உட்கார வேண்டியவர் மட்டும் கட்டிலில் கிடந்தார்.

அந்த வருடம் அவர்கள் சபையில் பழைய மிஷன் பங்களாவை இடிக்கத் தீர்மானித்தார்கள். மச்சில் கிடந்த சாமான்களை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு டீச்சர் முந்தின நாளே போனார். நானும் போனேன். குப்பைக்கு நடுவில் அது நின்றது. டீச்சர் சிறுவயதில் பார்த்த அதே நாற்காலி. துணி கிழிந்து தென்னந்தும்பு நார் வெளியே தெரிந்தது. மரம் தேக்கு, கல்லுபோல இருந்தது. டீச்சர் உட்கார்ந்து கண்ணை மூடிக் கழுத்தை விட்டார். தலை காதில் போய்ச் சாய்ந்து நின்றது. வெகுநேரம் எழவில்லை. "சாரே, கிடைச்சாச்சு" என்றார் கண்ணைத் திறக்காமலே. ஏலத்தில் வைத்ததை முன்கூட்டிக் கேட்பது மரியாதையில்லை என்று யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார். வீட்டுக்குப் போனதும் அண்ணனுக்கு முகம் மழித்து, பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டை எடுத்து வைத்தார். அண்ணனும், நாளைக்கு யாரெல்லாம் வருவார்கள் என்று கேட்டாராம்.

அறுவடைக்கு நன்றி சொல்லும் அந்தப் பண்டிகையின் ஏலத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆளாளுக்கு வாழைக்குலை, சக்கைப்பழம், கோழி, கேக் என்று காணிக்கை கொண்டுவருவார்கள். அதை ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் பலசமயம் பொருளைக் கொண்டுபோக மாட்டார். "திரும்ப வச்சிருங்க" என்பார். அதே குலை மறுபடி ஏலத்துக்கு வரும். கோயிலுக்கு இரட்டை வருமானம், கொடுத்தவருக்குக் கைதட்டல். லீலாபாய் டீச்சர் வருடந்தோறும் எதையாவது எடுப்பார், வருடந்தோறும் திரும்பக் கொடுப்பார். அது ஊரறிந்தது.

ஏலம் விட்டவர் ராஜையன். நல்ல மனிதர், மைக் கிடைத்தால் மட்டும் விடமாட்டார். நாற்காலியைத் தூக்கி வைத்ததும் டீச்சர் கேட்டார். வேறு சிலரும் கேட்டார்கள். கடைசியில் டீச்சருக்கே விழுந்தது. எனக்கு நெஞ்சு லேசானது. அந்தக் கணத்திலேயே ராஜையன் மைக்கில், "நம்ம டீச்சரம்மா வழக்கம்போல ஆண்டவருக்கே திரும்பக் குடுத்திருக்காவ. எல்லாரும் கை தட்டுங்க" என்றார். சபை முழுக்கக் கைதட்டியது.

மறுத்துச் சொல்ல நான் எழுந்தேன். டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தி, "வேண்டாம் சாரே. ஆண்டவருக்குன்னு சொல்லியாச்சு. எனக்குன்னு எப்படித் திரும்பக் கேக்க?" என்றார். இந்த ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய அநியாயம் அது. யாரும் கெட்டது செய்யவில்லை.

நாற்காலி மறுபடி ஏலத்துக்கு வந்தது. கொடுத்தவரே அதைக் கேட்கும் வழக்கமில்லை. ஆகவே சுசீந்திரத்துச் சைவனான நான் கையைத் தூக்கினேன். தெற்கே வட்டக்கோட்டைப் பக்கம் புதிதாக ஒரு விடுதி வைக்கிறவருடைய ஆள் எதிர்த்துக் கேட்டான். நான் முடிந்தவரை ஏற்றினேன். அவன் கையிலிருந்த போனைவிட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாற்காலி கால் மேலாகக் கவிழ்ந்து சின்ன லாரியில் போனது. விஷயம் தெரிந்து ராஜையன் மாலையில் வந்து வாசலில் நின்று அழுதார். "சவத்த விடு மக்கா, நீ என்னத்தக் கண்டே" என்று டீச்சர்தான் அவரைத் தேற்றினார். உள்ளே வெள்ளைச் சட்டையோடு அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

நாற்காலியைத் திரும்பக் கேட்டு இரண்டு மூன்று தடவை போன் செய்து பயனில்லாமல் அந்த விடுதிக்கே போனோம். முகப்பில் நின்றது நாற்காலி. தங்க நிறம் அடித்து, சிவப்பு வெல்வெட் போட்டு, பயணிகள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வைத்திருந்தார்கள். காதுகள் இரண்டையும் அறுத்திருந்தார்கள். படம் எடுக்கும்போது முகத்தில் நிழல் விழுகிறதாம். டீச்சர் அறுத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "போவோம் சாரே" என்றார்.

அந்த மழைக்காலத்தில் தேவதாசன் அண்ணன் படுத்தபடியே போனார். வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட அத்தனை பேரும் அன்று உள்ளே வந்தார்கள். அவரைக் கிடந்த கோலத்தில்தான் பார்த்தார்கள்.

வீட்டிலிருந்த நாற்காலிகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் டீச்சர் கொடுத்துவிட்டார். முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கிடந்தது. அவர் உட்காரப் பழகியது அதற்குப் பிறகுதான். நல்லதாக ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கடிந்துகொண்டேன். "எனக்கு என்னத்துக்கு சாரே காது? எனக்குக் கழுத்து நல்லாத்தான நிக்கி" என்றார்.

பிரின்ஸ் வந்துசேரும்வரை குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். தலை சாய்ந்தபடியே விறைத்திருந்தது. சவப்பெட்டிக்கு மாற்றும்போது நேராக்கி வைத்தார்கள். மறுபடி சரிந்தது. மறுபடி நேராக்கினார்கள். பிரின்ஸ், "விடுங்க மாமா, அம்மைக்கு இனி என்ன" என்றான். கூட்டத்திலிருந்து ராஜையன் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து வலது கன்னத்தோடு சேர்த்து வைத்தார். என்னைப் பார்த்தார். நானும் என் துண்டை மடித்து இடது பக்கம் வைத்தேன். தலை நின்றது. சும்மா சாய்ந்து இருக்கிறவர்போல இருந்தார்.

ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மறுமையில் இருவரும் பார்த்துக்கொள்வார்கள் என்று பாதிரியார் சொன்னார். அவர் நம்புகிறார், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. மூடியை எடுத்து வந்தபோது, போய்வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் நான் கேட்டுப் பழகியது ஒரே ஒரு சொல்தான். குனிந்து, "இரிங்க டீச்சர்" என்றேன்.