தலையில் மஞ்சள், வாலில் மஞ்சள்

இது கட்டுக்கதை இல்லை. போன ஆடியில் தூத்துக்குடியில் நடந்தது. நம்பாதவர்கள் மாப்பிள்ளையூரணிக்குப் போய்ச் சுடலைச்செல்வியின் விரலைப் பாருங்கள்.

செல்வியும் சாயர்புரம் ஜெஸ்மியும் ஒரே கல்லூரியில், ஒரே நாளில் மருந்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள். கடல்பாசிச் சாறு ஏற்றி வீங்கவைத்த எலிக் காலை, ஜெஸ்மியின் வலி மருந்து மூன்றே மணி நேரத்தில் வற்றவைத்தது. செல்வியின் மருந்துக்கும் பச்சைத்தண்ணீருக்கும் வித்தியாசமில்லை. கல்லூரியில் காலியாக இருந்ததோ ஒரே வேலை. அது ஜெஸ்மிக்குத்தான் என்று எல்லோரும் பேசினார்கள். செல்வி வாயால் சிரித்தாள். வயிறு பற்றி எரிந்தது.

மருந்து கொடுத்த எலிக்குத் தலையில் மஞ்சள் சாயம் வைப்பார்கள். வெறும் உப்புநீர் கொடுத்த எலிக்கு வாலில். எல்லா எலிக்கும் இரண்டு இடத்திலும் வைத்துவிட்டால்? எது எந்த எலி என்று ஆண்டவனுக்கே தெரியாது.

ஊர்க் கோயில் கொடைக்கு இரண்டு நாள் லீவில் போயிருந்த செல்வி, ஞாயிறு பிற்பகல் முயல்களுக்குத் தீனி போடும் முறைக்கு வந்தாள். மணி 3.10. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. அறையில் ஆளில்லை. ஜெஸ்மியின் கூண்டில் ஆறு எலிகள். படுக்க உமி இல்லை. தண்ணீர் பாட்டிலும் இல்லை. 'இவள் எலி வளர்க்கிற லட்சணம் இதுதான்' என்று செல்விக்கு உள்ளூரச் சந்தோஷம்.

சாயச் சீசாவை எடுத்து, முதல் எலியைத் தூக்கி, தலையிலும் வாலிலும் விரலால் மஞ்சள் வைத்தாள். அது கத்தவில்லை. கையில் ஜில்லென்று இருந்தது.

இரண்டு. மூன்று. எதுவும் திமிறவில்லை.

3.22. நான்காவது எலி.

பின்னால்... கர்ர்... கர்ர்...

மூலையில் இருந்த ஃப்ரீசர். மோட்டார் சத்தம்தான்.

ஐந்து... ஆறு.

ஆறும் ஒன்றாகத் திரும்பி அவளைப் பார்த்தன.

சத்தம் நின்றது.

3.31. சாயச் சீசாவைப் போட்டுவிட்டு ஓடினாள்.

திங்கள் காலை ஜெஸ்மி கேட்டாள்: "என் கூண்டுல சாயத்தக் கொட்டுனது யாரு?"

"எலிக்கு ஏதும் ஆச்சா?" என்றாள் செல்வி.

"ஏளா, எலி ஏது? சனிக்கிழமையே சோதனைய முடிச்சாச்சுல்லா. ஆறும் ஃப்ரீசர்ல கிடக்கு."

ஜெஸ்மி ஃப்ரீசரைத் திறந்தாள். எலிகள் இருந்த பையில் அவள் சனிக்கிழமை போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளே ஆறு எலிகள் விறைத்துக் கிடந்தன. ஆறுக்கும் தலையிலும் மஞ்சள், வாலிலும் மஞ்சள்.

சாயம் இன்னும் காயவில்லை.

ஜெஸ்மி செல்வியின் விரலைப் பார்த்தாள்.

வேலை ஜெஸ்மிக்குத்தான் கிடைத்தது. செல்வியின் விரலில் மஞ்சள் இன்றுவரை போகவில்லை. அந்த விரல் எப்போதும் ஜில்லென்று இருக்கிறது. ஊசியால் குத்தினாலும் வலி தெரிவதில்லை.