சிவசங்கரியின் சுருட்டை முடி

நேராகத் தொங்கிய முடி, மொட்டைக்குப் பிறகு சுருட்டையாக முளைக்குமா? 2004-இல் ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. சிவசங்கரி ஒருத்திக்குத்தான் தெரியும். அவளோ வாயைத் திறப்பதாக இல்லை.

சிவசங்கரியும் கணவர் உதயாவும் வீட்டிலேயே பட்டு நெய்பவர்கள். அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னதும், தெருவில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று உதயாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நோயைக்கூடத் தாங்கிக்கொள்வாள். 'ஐயோ பாவம்' என்று பார்க்கும் கண்களைத்தான் அவளால் தாங்க முடியாது.

மருந்து ஏற ஏற முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. சந்தன நிறப் பட்டில் ஒரு கறுப்பு முடியையும் சேர்த்து நெய்துவிட்டால் சேலையே வீண். தறியில் குனிந்து குனிந்து பொறுக்கிய உதயா, "சேலையில பாதி உன் முடிதான் கீது" என்றார். அன்றைக்கே அவரைக் கத்தி எடுக்கச் சொல்லி மொட்டை அடித்துக்கொண்டாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி சங்கரி, சொல்லாம கொள்ளாம திருப்பதி போய்ட்டு வந்துட்டியா? லட்டு எங்க?"

"ஆமாக்கா... அவரு எடுத்துகினு வருவாரு."

உதயா சைக்கிளில் ஆரணிக்குப் பறந்தார். அவர் வாங்கி வந்த மிட்டாய்க்கடை லட்டை விருத்தாம்பாள் குளித்துவிட்டு வந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றாள். சிவசங்கரிக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

சிகிச்சை முடிந்தது. முடியும் முளைத்தது, சுருள் சுருளாக. "பெருமாள் குடுத்த முடிடி!" என்று விருத்தாம்பாள் தெருவெல்லாம் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் தீபாவின் சடை மெலிசாக இருப்பது அவளுடைய நெடுநாள் கவலை. ஒரு வெள்ளிக்கிழமை தீபாவை இழுத்துக்கொண்டு திருப்பதி பஸ்ஸுக்குக் கிளம்பியவள், சிவசங்கரி வீட்டு வாசலில் நின்றாள்.

"மொட்டை அடிச்சா உன்ன மாதிரியே வந்துடும் இல்லடி?"

தீபா அழுதாள். "திங்கக்கிழம காலேஜ் சேரணும் அத்தை. மொட்டைத் தலையோடயா போறது?"

சிவசங்கரி விருத்தாம்பாளின் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதக்கா. நான் திருப்பதிக்கே போகல. எனக்குக் கேன்சரு வந்துச்சி. மருந்துல முடி கொட்டிச்சி. திரும்பி மொளைக்கும்போது சில பேருக்கு சுருட்டையா வருமாம், போகப்போக நேராயிடும்னு டாக்டரு சொன்னாரு."

"அப்ப அந்த லட்டு?"

"ஆரணி மிட்டாய்க்கடைக்கா."

"அடிப்பாவி! பச்சத்தண்ணியில குளிச்சிட்டு வந்து இல்ல தின்னேன்!"

விருத்தாம்பாள் கத்தினாள், சிரித்தாள், சிவசங்கரியின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. "ஒண்டியா எப்டிடி தாங்கின?"

சிவசங்கரி பயந்த அந்த 'ஐயோ பாவம்' பார்வை விருத்தாம்பாளிடம் வரவே இல்லை. அடுத்த பரிசோதனைக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வேலூருக்குக் கூடவே போனாள். பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டையும் போட்டாள். தீபா மெலிந்த சடையோடு கல்லூரியில் சேர்ந்தாள். விஷயம் தெருவுக்குத் தெரிந்த பிறகு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, "எனக்கும் ஒரு கட்டி கீதுக்கா" என்றாள். சிவசங்கரி தறியை நிறுத்திவிட்டு அவளை வேலூருக்கு அழைத்துப் போனாள். ஆரம்பத்திலேயே பார்த்ததால் அவளும் நன்றாக இருக்கிறாள்.

உங்கள் தெருவிலும் யாராவது வாயை மூடிக்கொண்டு பயந்துகொண்டிருக்கலாம். இந்தக் கதையை அவர்கள் காதில் போட்டுவையுங்கள்.