தானே துவைத்த விரிப்பு

என் கொழுந்தன் மகளுக்கு வரன் பேசியபோதுதான் அந்தப் பெயரை முதலில் கேட்டேன். மாப்பிள்ளையை எல்லாரும் நீலம் என்றுதான் கூப்பிடுவார்கள் என்றார் தரகர். லாட்ஜில் சலவைப் பகுதி அவர் பொறுப்பு. வெள்ளை விரிப்புக்கு நீலம் போட்டுப் போட்டு நகக்கண்ணெல்லாம் அந்த நிறம்.

வாய்த்துடுக்கு ஜாஸ்தி. விரிப்பில் கறையைப் பார்த்தால் போதும், அந்த அறைக்காரர் என்ன செய்தார் என்று கதை கட்டுவார். கூட வேலை செய்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கல்யாணமாகி, ஒரே மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு, ஒரு நாள் மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலி வந்தது. தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தைச் சோதித்து அனுப்பினார்கள். சில வாரம் கழித்து, சாப்பிட்டாலே வயிற்றைப் பிசைந்தது. மலத்தோடு ரத்தம் போனது. ஒரு விடியலில் விரிப்பே நனைந்துவிட்டது. அதைச் சுருட்டி லாட்ஜுக்குக் கொண்டுபோனார். ஆள் வருமுன் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு அலசி, உலர்த்தி, அடையாளமே தெரியாமல் மடித்துக் கொண்டுவந்தார். கால்விரல்கள் நீலம் பாரித்திருந்ததை மட்டும் பெண்டாட்டி பார்த்தாள். தொட்டியில் நின்று ஏறிய சாயம் என்றார். அவரும் அப்படித்தான் நினைத்தார். அவள் கல்லால் தேய்த்தாள். வலி தாங்காமல் காலை இழுத்துக்கொண்டார்.

மறுபடி காட்டப் போனபோது, ரத்தம் ஏதும் போகிறதா என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் பெண்டாட்டி. இல்லை என்று குனிந்துகொண்டார். அவள்தான் சாயத்தைச் சொன்னாள். டாக்டர் விரலை அழுத்திப் பார்த்தார்.

"இது சாயம் இல்லம்மா."

பெரிய ரத்தக்குழாயின் உள்ளே படிந்த கொழுப்பு, தொடை வழியாக விட்ட குழாய் உரசியதில் பொடியாக உதிர்ந்து ரத்தத்தோடு ஓடியிருக்கலாம் என்றார். விரலை அடைத்தது குடலையும் அடைத்தால் அங்கே புண்ணாகி ரத்தம் கசியும். மறைத்தால் குடல் அழுகி உயிருக்கே ஆபத்து என்றார். மாப்பிள்ளை பெண்டாட்டியை வெளியே இருக்கச் சொன்னார். அவள் நகரவில்லை.

"ஊரான் கறையச் சொல்லிச் சிரிப்பீங்க. உங்க கறைய மட்டும் நான் பார்க்கக் கூடாதா?"

மாப்பிள்ளை டாக்டர் பக்கம் திரும்பினார்.

"விரிப்பத் தொவைச்சிட்டேன்" என்றார்.

அதற்குள் குடலில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. வெட்டி எடுத்து, மலம் வெளியேற வயிற்றில் பை வைத்தார்கள். நான் பார்க்கப் போனபோது போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"கிட்ட வராதீங்க அத்தை, நாறும்."

"நாலு பிள்ளைக்குப் பீ அள்ளின கை மாப்ள இது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். வேலைக்குப் போவதில்லை. பையை மாற்றும்போது பெண்டாட்டியை மட்டும் உள்ளே விடுகிறார்.