பார்க்காத வீட்டுக்குத் திரைச்சீலை

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போக இரண்டு மாதத்துக்கு முன்பே ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். எழும்பூரிலிருந்து திருநெல்வேலி வரை. அப்போது எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருந்தது. நவம்பர் கடைசியில் அப்பாவுக்கு விருதுநகருக்கு மாற்றல் வந்தது. பத்தே நாளில் வீட்டைக் காலி செய்து, லாரியில் சாமான் ஏற்றி, அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். எனக்குத் தேர்வு. போக முடியவில்லை.

"டிக்கெட்ட மாத்த வேண்டாம். அதே ரயில்தான். ரெண்டு மணி நேரம் முன்னாடி எறங்கிரு," என்றார் அப்பா போனில். அவர் சொன்ன விதத்தில் அது மிகச் சாதாரணமான விஷயமாக இருந்தது.

யோசித்துக்கொண்டிருக்க எனக்கும் நேரமில்லை. தாவரவியல் மாணவர்கள் செடிகளைச் சேகரித்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டித் தர வேண்டும். இருபது அட்டை கேட்டிருந்தார்கள். மழையில் எனக்கு ஆறு செடிகள் பூஞ்சை பிடித்துப் போயின. ஒருநாள் காலையில் அடையாறுக்குப் பேருந்து பிடித்து, தெருவோரங்களில் குனிந்து குனிந்து குப்பைமேனியும் நாயுருவியும் பறித்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், "மருந்துக்காம்மா?" என்று கேட்டார். "பரீட்சைக்கு," என்றேன். அன்று வகுப்புக்கும் விடுதிக்கும் வெளியே நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

மயிலாப்பூரில் நான் தங்கியிருந்த விடுதி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. என் அறைத் தோழி வேலூர்க்காரி. வணிகவியல் படித்ததால் அவளுக்குத் தேர்வு முன்னதாகவே முடிந்துவிட்டது. பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது, "வாளி உனக்கு வேணும்னா எடுத்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கட்டிலில் வெறும் பலகை தெரிந்தது. அதன்மேல் என் செடிகளைப் பரப்பினேன்.

விடுதியில் சமைக்கும் அக்காவும் என்னைக் கண்டு அலுத்துக்கொண்டார். "இன்னா பாப்பா, எல்லாம் கெளம்பிட்சு, நீ மட்டும் சுத்திக்கினு கீற? ஒரு ஆளுக்கா நான் சாம்பார் வெக்கிறது?"

"வேண்டாம்க்கா. நான் வெளியில சாப்பிட்டுக்கிறேன்."

"அய்ய, அதுக்கு சொல்லல. ரசம் வெக்கிறேன், துன்னுட்டு போ."

நான் கிளம்பும்வரை மூன்று நாளும் ரசம்தான். பெரிய கூடத்தில் ஒரே ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

அம்மா தினமும் கூப்பிட்டாள். "ஏட்டி, ஒன் பழைய நோட்டெல்லாம் கெடக்கு. எத வைக்க, எதத் தூரப் போட?" வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். போன் ஆடியதில் ஒரு சுவர், ஒரு மின்விசிறி, பிரிக்காத அட்டைப்பெட்டிகள் தெரிந்தன. எது சமையலறை, எது வாசல் என்று எனக்குப் பிடிபடவில்லை. "நல்லாருக்கும்மா," என்றேன். "ஜன்னல் அளவு அனுப்பிருக்கேன். தி.நகர்ல திரைத்துணி எடுத்துட்டு வா. எதுத்த வீடு அப்படியே தெரியுது," என்றாள்.

கடைசிச் செய்முறைத் தேர்வு முடிந்த மதியம் தி.நகர் போனேன். பண்டிகைக் கூட்டம் தோளோடு தோள் உரசியது. எல்லாரும் யாருடனாவது வந்திருந்தார்கள். திரைத்துணிக் கடையில் நான் பேரம் பேசிய இரண்டாவது வாக்கியத்திலேயே கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"பேச்சு நம்ம ஊராட்டம்லா இருக்கு?"

"பாளையங்கோட்டை, அண்ணாச்சி."

"அப்படிச் சொல்லும்மா! நான் சாத்தான்குளம். லீவுக்கு ஊருக்கா போறிய?"

இல்லை, எங்கள் வீடு இப்போது அங்கே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாரமாக ரசத்தையும் பூஞ்சையையும் தவிர வேறெதையும் நேரில் யாரிடமும் பேசாதிருந்த எனக்கு, அந்தப் பேச்சைக் கேட்டதும் அதை விட மனமில்லை. "ஆமா," என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். மாதா கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்றேன். மாடியா, கீழா? கீழ். வெயில் வருமா? சாயங்காலம் முழுக்க வரும். அவர் கேட்கக் கேட்க அந்த வீட்டை அறை அறையாகச் சொன்னேன். பச்சை நிறத்தில் கனமான துணி ஒன்றை அவரே எடுத்துப் போட்டார்.

"ஜன்னல் ஒசரம்?"

"நாலடி."

கைப்பேசியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அரை மணி நேரத்தில் தைத்து மடித்துக் கொடுத்தார். "வீட்டுல கேட்டதாச் சொல்லும்மா," என்றார்.

பனகல் பூங்காப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் அம்மா அனுப்பியிருந்ததைப் பார்த்தேன். ஐந்தரை அடி. நான் சொன்னது பாளையங்கோட்டை வீட்டு ஜன்னல். திரும்பிப் போயிருக்கலாம், துணி மிச்சம் இருந்திருக்கும். ஆனால் அவரிடம் என்னவென்று சொல்வது? இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். என்னைச் சுற்றி அவ்வளவு பேர் இருந்தும், இதைச் சொல்லிச் சிரிக்கவோ அழவோ ஓர் ஆள் இல்லை. மூன்றாவது பேருந்தில் ஏறிவிட்டேன்.

மறுநாள் அட்டைகளை ஒப்படைத்து, நூலகத்தில் கையெழுத்து வாங்கி, அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன். விருதுநகரைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில் சரியாகத் தூங்கவில்லை. விடியும் நேரத்தில் இறங்கினேன். அப்பா நடைமேடையில் நின்றிருந்தார். வண்டியில் போகும்போது இரண்டு இடத்தில் வழி குழம்பி, "இந்தத் தெருதான்னு நெனைக்கேன்," என்றார்.

அம்மா காபி கூடக் கொடுக்காமல் முதலில் திரையைத்தான் மாட்டிப் பார்த்தாள். கீழே ஒன்றரை அடிக்கு எதிர்வீட்டு மதில் தெரிந்தது.

"கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

"இல்லம்மா. நான்தான் பழைய வீட்டு அளவச் சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திரையை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "நான் மட்டும் என்ன? விடியக்காலம் எந்திச்சா, வாசல்னு நெனச்சு செவுத்துல போயி முட்டுதேன். ஒங்கப்பாட்டச் சொல்லல." நெற்றியில் சிறிதாக வீங்கியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். புது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து போனில் பேசும்போதெல்லாம் அவளும் நல்லாருக்கு, நல்லாருக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தாகமாக இருந்தது. சமையலறைக்குப் போய், "டம்ளர் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"இரு, வாரேன். இங்கதான் எங்கியோ வச்சேன்," என்று அம்மா எழுந்து வந்தாள். நான் மேல் அலமாரிகளையும் அவள் கீழ் அலமாரிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம்.