கட்டில் காலில் குடியிருந்த வண்டு

"அஞ்சாம் வகுப்பு படிச்சா மரத்துக்குள்ள இருக்கிறதும் கண்ணுக்குத் தெரியுமாக்கும்?"

ராத்தாவின், அதாவது என் அக்காவின், வருங்கால மாமியார் இப்படிக் கேட்டதும் அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து தங்குவார். அவருக்குப் பலாக் கட்டில் தருவதாக வாப்பா சொல்லியிருந்தார். அறை பார்க்க யட்டவத்தையிலிருந்து வந்த அந்த மாமி, புதுக் கட்டிலில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். தலைமாட்டுக் காலுக்குள் யாரோ பிறாண்டுவதுபோல் 'கரக், கரக்' என்று சத்தம்.

"இதுல ஜின் இருக்கு. அது போகட்டும், பொறகு நாள் குறிப்போம்," என்றார்.

ராத்தா கதவுக்குப் பின்னால் அழத் தொடங்கினாள். நான் பொறுக்க முடியாமல், "ஜின் இல்ல மாமி, புழு. தெனமும் அந்த மரத்தூளக் கூட்டுறது நான்தானே," என்றேன். அதற்குக் கிடைத்ததுதான் அந்தக் கேள்வி.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் கட்டில் காலுக்குக் காவல் இருந்தேன். ஒருநாள் சத்தம் நின்றது. புழு செத்துவிட்டது என்று நினைத்தேன். அது உள்ளே கூட்டுப்புழுவாகிக் கிடந்திருக்கிறது. மரத்தை அறுத்துக் கட்டிலாக்கியதைக்கூட அது பொருட்படுத்தவில்லை. மழை பிடித்த பிறகு ஒரு பின்னேரம், கட்டில் காலில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை விழுந்தது. முதலில் உணர்கொம்புகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. பின்னால் வந்த உடம்பு அவற்றைவிடக் குட்டை. சாம்பல் வெல்வெட்டில் செம்மஞ்சள் பொட்டுகள். பிடித்ததும் கழுத்தை ஆட்டி ஆட்டிக் கிறீச்சிட்டது.

பால்மா டின்னில் போட்டு, வாப்பாவையும் இழுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். கூடம் நிறைய உறவினர்கள். மாமி டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வாப்பாவைப் பார்த்தார்.

"என்னா அழகு! பலாக் கட்டில்லயும் பூச்சி வரத்தானே செய்யும்," என்றார்.

"பலா இல்ல மாமி!" உரக்கத் திருத்தினேன். "காத்துல விழுந்த எங்க மாமரம். வாப்பாதான் மஞ்சச் சாயம் பூசச் சொன்னாங்க. இது மாமரத்து வண்டு!"

யாரோ இருமினார்கள். வாப்பா டின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமிதான் முதலில் சிரித்தார்.

"பொய் பேசத் தெரியாத வீடு. இதுக்கு மேல என்னா வேணும்?" என்று அங்கேயே நாள் குறித்தார்.

ஜெயித்தது நான்தான் என்று குதித்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் வாப்பா ஏன் பேசவில்லை என்று விளங்கவில்லை. மாமி ஜின்னுக்குப் பயப்படவே இல்லை என்பதும் விளங்கவில்லை. வளர்ந்த பிறகுதான் புரிந்தது: உட்கார்ந்ததுமே மாங்கட்டை என்று அறிந்தவர், வாப்பாவைத் தலைகுனிய வைக்காமல் வேறு கட்டில் செய்ய அவகாசம் கொடுத்திருக்கிறார்.

இப்போது பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறேன். அந்த வண்டு பலாவையும் துளைக்கும் என்கிறது பாடம். நேரில் பார்க்காமல் நான் நம்புவதாக இல்லை. புழு விழுந்த பலாக் கட்டை ஒன்று வேண்டுமென்று வாப்பாவுக்குச் சொல்லியனுப்பினேன். நேற்று லொறியில் வந்தது. விடுதி அறையில், என் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.